பெயின்ட் அடிக்காமலே ஒரு ரோபோவை அழகாக்குறது எப்படி?

போன வாரம் நான் முடிச்ச ரோபோ பொம்மையோட போட்டோவைப் போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல ரெண்டு கேள்விதான். ஒண்ணு, "டாக்டர், இந்த வயசுல பொம்மையா?" ஆமாங்க, பொம்மைதான். இன்னொண்ணு, "என்கிட்ட இருக்கறது பளபளன்னு பிளாஸ்டிக் சோப்பு டப்பா மாதிரி இருக்கு, உங்களுது மட்டும் இரும்பு மாதிரி இருக்கே, என்ன பெயின்ட்?" இந்த த்ரெட் ரெண்டாவது கேள்விக்கு.

அதுல பெயின்ட்டே கிடையாது.

தெரியாதவங்களுக்கு: இது பேர் கன்ப்ளா. கன்டம் பிளாஸ்டிக் மாடல்ங்கறதோட சுருக்கம். (ஜாதகத்துல வர்ற கண்டம் இல்லை.) 1979ல ஜப்பான்ல வந்த மொபைல் சூட் கன்டம் டிவி தொடர் நல்லா ஓடாம 43 எபிசோடோட நிறுத்தப்பட்டது. 1980 ஜூலைல பண்டாய் கம்பெனி அந்த ரோபோவை 1/144 அளவுல 300 யென்னுக்கு வித்துச்சு. தொடரைக் காப்பாத்தினதுல இந்தப் பொம்மைக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்துல பசை போட்டு ஒட்டி, கலரும் நாமளே அடிக்கணும். இப்ப பாகங்கள் அந்தந்தக் கலர்லயே வருது, அழுத்தினா மாட்டிக்கும். அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் நாளே ஏர்பிரஷ், கம்ப்ரஸர்னு போறது தேவையில்லாத செலவுங்கறது என் கருத்து. மூணு வேலை ஒழுங்கா செஞ்சா போதும்.

முதல் வேலை வெட்டுறது. பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல காம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். காம்பை ஒட்டி ஒரேயடியா வெட்டினா அந்த இடம் வெளுத்துப்போகும், சில நேரம் பாகமே பிஞ்சு வரும். கட்டியை எடுக்கறப்ப சர்ஜன் மார்ஜின் விடுவாரே, அந்த மாதிரி முதல்ல தள்ளி ஒரு வெட்டு. பாகம் தனியா கைக்கு வந்ததும் மிச்சக் காம்பை நிப்பரால ரெண்டாவது வெட்டு. அதுக்கப்புறம் மீதி இருக்கிற துளியூண்டை 400, 600, 800, 1000னு உப்புத்தாள்ல தேய்க்கணும். தண்ணி தொட்டுத் தேய்ங்க, தூசி பறக்காது.

போரடிக்கிற வேலைதான். எனக்கு இதுதான் பிடிக்கும். ஓபில ஒரு பேஷண்ட்டுக்கு ரெண்டு நிமிஷம் முழுசா கிடைக்கிறதில்லை. இங்க ஒரு சுண்டுவிரல் பாகத்துக்கு அரை மணி நேரம் செலவு பண்ணலாம், வெளில யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க.

ரெண்டாவது, கோடு. ரோபோ உடம்புல தகடு தகடா பிரிச்ச மாதிரி பள்ளக் கோடுகள் இருக்கும். அதுக்குள்ள கருப்போ சாம்பலோ இறக்கினா உடனே பெரிய இயந்திரம் மாதிரி தெரியும். வெள்ளைப் பாகத்துக்கு சாம்பல் போடுங்க, கருப்பு போட்டா கார்ட்டூன் மாதிரி ஆயிடும். மெல்லிசான மார்க்கர் பேனா போதும்.

திரவமா வர்ற எனாமல் மை இன்னும் அழகு. தொட்டு வெச்சா பள்ளத்துல தானா ஓடும். ஆனா அதுல இருக்கிற தின்னர், இறுக்கமா மாட்டியிருக்கிற பிளாஸ்டிக்ல இறங்கினா விரிசல் விட்டு உடையும். அதனால பாகங்களைக் கழட்டி வெச்சு, குறைவா தொட்டு, நல்லா காயவிட்டு அப்புறம் மாட்டுங்க.

மூணாவது, நீங்க கேட்ட "இரும்பு" ரகசியம்: மேட் டாப்கோட். ஸ்ப்ரே டப்பால வர்ற, பளபளப்பு இல்லாத தெளிவான பூச்சு. கண்ணுக்கு பிளாஸ்டிக்னு காட்டிக் கொடுக்கிறது அந்தப் பளபளப்புதான். அது போயிட்டா அளவே தெரியாம ஏமாந்துடுவோம். ஆரம்பிக்கிறவங்க தண்ணி கலந்த அக்ரிலிக் வகையை வாங்குங்க, லாக்கர் வகை அப்புறம் பார்த்துக்கலாம்.

20, 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, பாகத்துக்கு வெளியில ஸ்ப்ரேவை ஆரம்பிச்சு, மேல கடந்து போய், வெளியில நிறுத்துங்க. லேசா ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொண்ணு. ஒரே தடவைல நனைச்சா வழியும். கண் மாதிரி கண்ணாடிப் பாகங்களைக் கழட்டி வெச்சுடுங்க, இல்லைன்னா ரோபோவுக்கு கேட்டராக்ட் வந்துடும்.

மழை நாள்ல அடிக்கவே அடிக்காதீங்க. பூச்சு ஆவியாகறப்ப மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு வெள்ளையா பனி பூத்துடும். நம்ம கடலோர ஊர்க்காரங்க ஐப்பசி, கார்த்திகைல பொறுமையா இருக்கணும். நல்ல வெயில் நாள், மொட்டை மாடி, நிழல்ல.

இதுக்கு மேலயும் கலர் அடிச்சே தீரணும்னா, ஒரே விதி: கீழ லாக்கர், மேல எனாமல். எனாமல் தின்னர் காய்ஞ்ச லாக்கரைக் கரைக்காது. தப்பா போனா மேல உள்ளதை மட்டும் துடைச்சுக்கலாம். தலைகீழா அடிச்சா அடியில இருக்கறதும் சேர்ந்து கரைஞ்சு வரும்.

இப்ப டாக்டரா கொஞ்சம். இதைத் தாண்டிப் போயிடாதீங்க ப்ளீஸ்.

நம்மகிட்ட கோவிட் காலத்து என்95 மாஸ்க் மிச்சம் இருக்கும். உப்புத்தாள் தூசிக்கு அது போதும். ஸ்ப்ரே, தின்னர் வாசனைக்கு உதவாது. அது துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. வாசனை வருதுன்னா உள்ள போகுதுன்னு அர்த்தம். அதுக்கு கரிம ஆவியைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் வெச்ச ரெஸ்பிரேட்டர் தனியா விக்குது. அதைப் போட்டாலும் மூடின ரூம்ல அடிக்காதீங்க, பக்கத்துல அடுப்பு, விளக்கு வேண்டாம். வீட்ல கர்ப்பிணிங்க, வீசிங் இருக்கிற குழந்தைங்க இருந்தா மொட்டை மாடி மட்டும்தான்.

கத்தி விரல்ல பட்டா குழாய்த் தண்ணில கழுவி, சுத்தமான துணியால பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல திறந்து திறந்து பார்க்கக் கூடாது. விரலை மடக்க முடியலைன்னாலோ நுனி மரத்துப்போனாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. டிடி ஊசி எப்ப போட்டீங்கன்னு யோசிச்சுட்டே வாங்க.

எனக்கு உண்மையிலேயே பயம் எதுலன்னா, தின்னர் பாட்டில்ல. பெரிய டின் வாங்கி, கைக்கு வசதியா கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. மண்ணெண்ணெயும் அப்படித்தான் வெப்பாங்க. அதைக் குடிச்ச குழந்தை எங்க காஷுவாலிட்டிக்கு வராத வருஷம் இல்லை. எனாமல் தின்னரும் டர்பன்டைனும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வேலையைக் காட்டும்.

அப்படி ஆயிட்டா வாந்தி எடுக்க வெக்காதீங்க. உப்புத் தண்ணி, பால், விரலைத் தொண்டைக்குள்ள விடறது எதுவும் வேண்டாம். வயித்துல இருக்கறதைவிட அது நுரையீரலுக்குப் போறதுதான் ஆபத்து, வாந்தி அதுக்கு வழி பண்ணிக் கொடுக்கும். 108க்குக் கூப்பிடுங்க, பாட்டிலையும் கையோட கொண்டு வாங்க. குழந்தை நல்லா விளையாடிட்டு இருந்தாலும் குறைஞ்சது ஆறு மணி நேரம் நாங்க வெச்சுப் பார்ப்போம். "ஒண்ணும் இல்லையே சார், வீட்டுக்குப் போகட்டுமா"ன்னு கோவிக்காதீங்க, மூச்சுத் திணறல் லேட்டா வரும்.

தின்னர் அதோட டப்பாலயே இருக்கட்டும். பூட்டின அலமாரி, மேல் தட்டு. மிச்சத்தை சிங்க்ல கொட்டாதீங்க.

முதல் கிட் எது வாங்கலாம்னு கேட்டவங்களுக்கு: என்ட்ரி கிரேட்ல ஆர்எக்ஸ்-78-2. நிப்பரே வேண்டாம், கையாலயே பிரிக்கலாம். அதுல ஒரு கோடு பேனா, ஒரு மேட் டப்பா. இன்னிக்கு நைட் டூட்டி, கேள்விகளுக்கு நாளைக்கு மதியம் பதில் சொல்றேன்.