தகிட என்பது தியரியா?

பீட் செய்கிறவனுக்கு இசைத் தியரி தேவையில்லை என்று வாதிடுகிறவர்கள் உடனே ஜே டில்லாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டெட்ராய்ட்காரர். 2006-இல் 32 வயதில் இறந்துபோனவர். டிரம் மெஷின் போட்டுக் கொடுக்கும் கட்டங்களுக்குள் அடங்காமல், கொஞ்சம் முன்னேயும் கொஞ்சம் பின்னேயுமாக விழும் அவருடைய தாளம்தான் இவர்களுக்குச் சாட்சி. சரி. ஆனால் அம்மா ஓபரா பயின்றவர். அப்பா ஜாஸ் பேஸ் வாசித்தவர். அந்த வீட்டில் சோற்றோடு சேர்த்தே இசையையும் பரிமாறியிருப்பார்கள். அவரை 'ஒண்ணும் தெரியாமலே செஞ்சவர்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் தாமானில் எஸ்.பி.எம். முடித்த பையன் ஒருவன் இருக்கிறான். திருவிழாக்களில் உறுமி மேளக் குழுவோடு போவான். மற்ற நேரம் எஃப்.எல். ஸ்டூடியோவில் பீட் செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ஒருமுறை பழைய பாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, 90 பி.பி.எம்.-இலிருந்து 85-க்கு மெதுவாக்கிப் போட்டிருந்தான். "ஏதோ கடிக்குதுண்ணே" என்றான். மூன்று நாளாக பேஸ் சத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். டேப்பை மெதுவாக ஓட்டுவதுபோல ஒரு துண்டை ஏறக்குறைய 6 விழுக்காடு மெதுவாக்கினால் சுருதியும் அரைக் கட்டை இறங்கிவிடும். பாட்டு இறங்கிவிட்டது, பேஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது. "பேஸை அரைக் கட்டை இறக்குடா" என்றேன். ஒரு நிமிட வேலை. அவன் காதுக்குக் குறை தெரிந்திருந்தது. அதற்குப் பெயர்தான் தெரியவில்லை.

அடுத்து அனுப்பியது உறுமி பீட். அந்த மென்பொருளைத் திறந்தால் கண்ணில் படுவது வரிசைக்கு 16 கட்டம், நாலு நாலாக. இவனோ ஒவ்வொரு பீட்டையும் மூன்றாக உடைத்துப் பன்னிரண்டு அடி வைத்திருந்தான். எப்படிடா என்றேன். "வாயில சொல்லிப் பாத்தேண்ணே. தகிட தகிட தகிட தகிட." ஹை-ஹேட்டுக்கு மட்டும் வேறு கணக்கு. ரோஜர் லின் வடிவமைத்த எம்.பி.சி. போன்ற மெஷின்களில் ஸ்விங் 50 என்றால் நேர் நடை. 66 வந்தால் மூன்றாக உடையும். இவனுடைய ஹை-ஹேட் இரண்டுக்கும் நடுவில், 58 பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும் வழியில் பாதி தூரம். "காதுக்கு நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றான்.

இதுவும் தியரிதான் என்பேன். குழுவில் மூத்தவர்கள் வாயாலும் கையாலும் சொல்லிக்கொடுத்தது. காகிதத்தில் இல்லை, சான்றிதழ் இல்லை, அதனால் இங்கே பலருக்கு அது வெறும் இரைச்சல். உறுமி தூக்கினாலே 'ரவுடிப் பசங்க' என்று முகம் சுளிப்பவர்கள், அதே மூன்றடி டிராப் பாட்டின் ஹை-ஹேட்டில் வந்தால் தலையாட்டுகிறார்கள்.

அவனுடைய அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். "கீபோர்டு கிளாஸுக்கு மாசம் 120 ரிங்கிட் கேக்குறாங்க தம்பி. அவசியமா போகணுமா? நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அந்த வீட்டில் 120 சின்னத் தொகை இல்லை. ஆறு மாதம் மட்டும் அனுப்புங்கக்கா என்றேன். ஸ்கேல், இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள தூரம், நாலைந்து கார்ட், இவ்வளவு போதும். நொட்டேஷன் பார்த்து வாசிப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்காகவாவது போகட்டும் என்று நினைக்க ஒரு காரணம் உண்டு. ஒரு ஒலிப்பதிவில் உறுமிக்காரரை மூலையில் உட்காரவைத்து, "ஏதாவது அடிங்கண்ணே, நாங்க வெட்டி ஒட்டிக்குறோம்" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் கீபோர்டுக்காரர். அவர் பேசிய மொழி இவருக்குத் தெரியாது. இவருடைய மொழியைக் கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். குழுவின் மூத்தவரை உட்காரவைத்து, அவர் வாயால் சொல்லும் சொற்கட்டு அத்தனையையும் போனில் பதிவு செய்துகொள். அதற்கு உடனே தலையாட்டினான். கிளாஸுக்குத்தான் யோசித்தான்.

"சின்னப் பிள்ளைங்க பாட்டெல்லாம் வாசிக்கச் சொல்வாங்களாண்ணே?"

"முதல் மாசம் சொல்லத்தான் செய்வாங்க."