பனிப்பாலையில் ஒரு மரம்

தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் நமக்கு இமயம் என்றதும் தேவதாருக் காடுகளே நினைவிற்கு வரும். லாஹூலுக்குச் செல்வோர் அந்நினைவை ரோதாங் கணவாயின் தென்புறத்திலேயே விட்டுச்செல்வது நன்று. பீர்பஞ்சால் மலைத்தொடர் பருவமழை முகிலைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. அப்பால் கண்ணுறுவன மொட்டைப் பாறையும் சரளைச் சரிவுமே. ஐந்திணை பயின்ற நாம் இந்நிலத்தை எதில் சேர்ப்பது? நம் பாலை வெம்மையில் விளைவது; இதுவோ பனியில் விளைந்த பாலை.

அச்சரிவுகளில் பாறைப் பிளவைப் பற்றி நிற்பது ஜூனிப்பர் மரம். லடாக்கியர் இதனைச் 'சுக்பா' என்பர். தாவரவியலார் இட்ட பெயர் ஜூனிபெரஸ் பாலிகார்போஸ். ஆங்கிலேயர் 'பென்சில் சிடார்' என்று வழங்கினர். பெயரில் சிடார் இருப்பினும் மரம் சைப்ரஸ் குடும்பத்தது.

வறட்சியை வெல்லும் வகை இதன் இலையிலேயே உள்ளது. இளமையில் முள்போன்று கூர்த்து நிற்கும் இலைகள், முதிர்ந்தபின் சிறு செதில்களாகித் தண்டோடு ஒட்டிப் படிந்துவிடுகின்றன. காற்று பறித்துச் செல்லும் ஈரம் அதனால் குறைகிறது. பட்டையோ நார்நாராக உரியும். பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் நீலக்கருமையாய், மெழுகு பூசினாற்போல் பட்டாணியளவில் திரள்வதைக் கனி என்றே எவரும் கருதுவர். உண்மையில் அது கனியன்று. பைன் மரத்தின் கூம்பைப் போன்றதே. செதில்கள் சதைப்பற்றுற்று ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். அது முதிர்வதற்கு மறு ஆண்டும் வேண்டும். பறவைகள் அதனை விழுங்கி வித்தினைப் பரப்புகின்றன.

இம்மரத்திற்கு அவசரமே இல்லை. அதன் ஆண்டு வளையங்கள் மிக நெருக்கமானவை. லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி தொல்தாவரவியல் நிறுவனத்தார் லாஹூல் ஜூனிப்பர்களின் வளையங்களை இணைத்து, 1584 ஆண்டுகள் நீளும் வரிசையொன்றை 2006இல் வெளியிட்டனர். பல்லவர் காஞ்சியில் ஆண்ட நாள்முதல் எழுதப்பட்டுவரும் நாட்குறிப்பு என்று அதனைச் சொல்லலாம். வெட்டுண்ட மரத்தின் இடத்தை மற்றொன்று நிரப்ப எத்தனை தலைமுறை செல்லுமென்று எண்ணுகையில் நெஞ்சம் துணுக்குறுகிறது.

நாம் சென்ற சரிவில் முதுமரங்களே மிகுதி. இளங்கன்றைத் தேடித் தேடிச் சோர்ந்தோம். வித்தின் ஓடு கடினமானது, முளைத்தெழுவது அரிது, முளைத்ததும் ஆட்டின் வாய்க்குத் தப்பவேண்டும். குளிர்காலத்து அடுப்பும் விறகு கேட்கிறது. இவற்றோடு தூபமும் சேர்ந்துகொள்கிறது. மடங்களிலும் இல்லங்களிலும் இதன் இலையைப் புகைப்பது பௌத்தர் மரபு. லடாக்கில் ஹெமிஸ் சுக்பாசான் என்னும் ஊர் இம்மரத்தாலேயே பெயர் பெற்றது. அங்குள்ள சுக்பாத் தோப்பு புனிதமெனப் போற்றப்படுகிறது. காப்பதும் பக்தி, கிளையை ஒடிப்பதும் பக்தி!

"விழுந்த கிளையைத்தான் எடுப்போம், பச்சையைத் தொடமாட்டோம்" என்றார் நாம் தங்கிய இல்லத்து மூதாட்டி. கட்டுக்கட்டாக விலைக்கு வருவது எங்கிருந்து அம்மா என்று வினவினோம். அவர் மறுமொழி கூறவில்லை. தூபக்காலில் மேலும் ஒரு சிட்டிகை இலையை இட்டார்.