எந்தப் பெயரைப் போடுவது?

நான் எழுத்தாளன் என்று தெரிந்ததும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, என்ன எழுதியிருக்கிறேன் என்பதல்ல. "இது உங்கள் சொந்தப் பெயரா, புனைபெயரா?" என்பதுதான். சொந்தப் பெயர்தான், அப்பா வைத்தது என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். புனைபெயர் இல்லாதவன் அரை எழுத்தாளன் என்று எண்ணமோ என்னவோ!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம்முடைய வழக்கம் அப்படி. ரா. கிருஷ்ணமூர்த்தி என்றால் எந்தக் கிருஷ்ணமூர்த்தி என்று யோசிப்போம். கல்கி என்றால் யோசனையே வேண்டாம். அவரே சங்கீத விமரிசனம் எழுத உட்கார்ந்தால் 'கர்நாடகம்' ஆகிவிடுவார். சொ. விருத்தாசலம் கதை எழுதும்போது புதுமைப்பித்தன். கவிதை எழுதும்போது வேளூர் கந்தசாமிப் பிள்ளை. ஊரோடு சேர்ந்த அந்தப் பெயரைப் பார்த்தால், நேரில் போய்க் கதவைத் தட்டலாம் போலிருக்கும். டாக்டர் திரிபுரசுந்தரி லக்ஷ்மியானார். எஞ்சினீயர் ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை வாங்கிக்கொண்டு சுஜாதாவானார். அதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா. கி. ரங்கராஜன் இருந்தார், குழப்பம் வேண்டாமே என்றுதான்.

குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கு வேறு கஷ்டம். பாட்டுக் கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் போன இடம் தெரியவில்லை. பாட்டிலிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்துச் சூட்டிவிட்டார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். தாய் தகப்பன் வைத்த பெயர் எத்தனை அழகாக இருந்திருந்தாலும் இவற்றுக்கு ஈடாகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன், சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வரையில்.

ஒரு சிநேகிதர் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், பெயர்கள் குழம்பிக் கிடக்கும் ஒரு மலைக்கு வந்து சேர்கிறோம். சேர்வராயன் மலையை ஆங்கிலேயர் 'ஷெவராய்' ஆக்கினார்கள். ஏற்காட்டை 'யெர்காட்' ஆக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தமிழ் பேசி வாழ்கிற குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். கீழேயிருந்து வருகிற நம்மவர்களோ, "கேரளத்திலிருந்து எப்ப வந்தீங்க?" என்று அவர்களை விசாரிக்கிறார்கள். சேர்வராயன் மட்டும் 5,300 அடிக்கு மேலே, குனிந்து போகவேண்டிய ஒரு குகைக்குள், காவேரி அம்மனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம் பெயர் மாறாமல் உட்கார்ந்திருக்கிறார். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் திரண்டு வரும். நாங்கள் போன நாளில் கூட்டம் இல்லை, காற்றுத்தான்.

தரிசனம் முடிந்து வெளியே புல்தரையில் உட்கார்ந்தோம். எங்களோடு வந்திருந்த ஓர் இளம்பெண், சிநேகிதர் வீட்டுக்கு வேண்டியவள், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"சார், ஒரு கதை எழுதி வெச்சிருக்கேன். என் பேரைப் போட்டே அனுப்பட்டுமா, வேற பேர் வெச்சுக்கட்டுமா?"

நான் பதில் சொல்லுமுன் சிநேகிதர் முந்திக்கொண்டார். அவருக்கு எதிலும் உறுதியான அபிப்பிராயம் உண்டு.

"பேரைப் போடத் தைரியமில்லாதவன் பேனாவைத் தொடப்படாது. புனைபெயருக்கும் மொட்டைக் கடுதாசிக்கும் என்ன ஐயா வித்தியாசம்?"

"எனக்கு ஒண்ணும் பயமில்லை, மாமா," என்றாள் அந்தப் பெண். "அது என் நாத்தனார் கதை. புருஷன் வீட்டிலேருந்து அவங்க திரும்பி வந்து எட்டு வருஷமாச்சு. கதையிலே பேரு, ஊரு, வேலை எல்லாம் மாத்திட்டேன். ஆனா மேலே என் பேர் இருந்தா, மாத்தி என்ன பிரயோசனம்?"

சிநேகிதர் பேசவில்லை. நானும் சற்று நேரம் பேசவில்லை.

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். கதைக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் பெயர் மாற்றி, நிறம் மாற்றி, தொழில் மாற்றித்தான் எழுதுகிறேன். என் முதல் நாவலில் உறவுக்கார அம்மாள் ஒருவரை ஆணாகவே மாற்றிவிட்டேன், மீசைகூட வைத்தேன். இருந்தும் அவர் கண்டுபிடித்துவிட்டார். நாலு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. காட்டிக்கொடுத்தது மீசையல்ல, அட்டையில் இருந்த என் பெயர். அந்த ஒரு பெயர் நிஜமாக இருந்தால், உள்ளே இருக்கும் பொய்ப் பெயர்கள் அத்தனையும் உறவினர் மத்தியில் கரைந்து போகின்றன. புனைபெயர் என்றால் எழுதுகிறவன் ஒளிந்துகொள்வது என்றுதான் பேசுகிறோம். எழுதப்பட்டவர் ஒதுங்கி நிற்க அது ஒரு நிழல் என்பது, அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தோன்றியது.

சிநேகிதரின் மொட்டைக் கடுதாசிக்கும் பதில் சொல்ல வேண்டும். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் ஒருமுறை எழுதித் தபாலில் போட்டுவிட்டுக் காணாமற் போகிறான். மறுபடி எழுதினால் வேறு கையெழுத்து. யாரைப் போய்க் கேட்பது? புதுமைப்பித்தன் என்ற பெயர் அப்படிக் காணாமற் போகவில்லை. புகழும் வசவும் அதன் தலையில்தான் விழுந்தன. 1948ல் விருத்தாசலம் மறைந்த பிறகும் விழுந்துகொண்டிருக்கின்றன. பத்திரிகைக்காரர்கள் புனைபெயரில் வரும் கதையையும் சொந்தப் பெயர், விலாசம், கதை சொந்தக் கற்பனை என்ற உறுதிமொழி இவற்றோடுதான் கேட்கிறார்கள். ஊருக்குத் தெரியாவிட்டாலும் பொறுப்புள்ள ஓர் ஆளுக்குத் தெரிகிறது. எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

சொந்தப் பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மலையிலிருந்து வெகு தூரம் போக வேண்டாம். தெற்கே திருச்செங்கோடு, பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பெருமாள்முருகன் அந்தப் பக்கத்துக்காரர். தகப்பனார் பெயரும் தம் பெயரும் சேர்ந்ததுதான் அவர் எழுதும் பெயர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். 2010ல் வந்த 'மாதொருபாகன்' நாவலில் ஊரின் பெயரும் கோயிலும் உள்ளபடியே இருந்தன. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடை அடைத்தார்கள். 2015 ஜனவரி 12ந் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட நேர்ந்தது. அதன்பின் முகநூலில் ஓர் அறிவிப்பு வந்தது: எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி ஆசிரியன் பெ. முருகன் மட்டுமே இருப்பான் என்ற பொருளில்.

அந்த அறிவிப்பைப் படித்தபோது என் மனம் நின்றது அந்த 'பெ.' என்ற ஒற்றை எழுத்தில்தான். தகப்பன் பெயர் இனிஷியலாகச் சுருங்கி உள்ளே போய்விட்டது. ஒளிய ஒரு புனைபெயர்கூட இல்லாத மனிதர், தம் சொந்தப் பெயரையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் புதைக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 5ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவரும் முழுப் பெயரோடு எழுத வந்தார். நல்லது. ஆனால் எல்லா வீட்டுச் சண்டைக்கும் உயர்நீதிமன்றம் போக முடியுமா?

துவரங்குறிச்சியில் ரொக்கையா என்ற பெண்ணுக்கு வயது வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமான பிறகு கவிதை எழுதக் கூடாது என்ற வீட்டில், இரவில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதி, தாயார் மூலம் ரகசியமாக வெளியே அனுப்பினார். அச்சில் வந்த பெயர் சல்மா. அந்தப் பெயர் இல்லாவிட்டால் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற தொகுப்பு நமக்குக் கிடைத்திருக்காது. 2001ல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். 2025ல் ராஜ்ய சபைக்கும் போனார். கவிஞர் சல்மா என்றால்தான் இன்றைக்கு ஜனங்களுக்குத் தெரிகிறது. அவரிடம் போய் முதல் நாளே சொந்தப் பெயரைப் போடு, அதுதான் நேர்மை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிநேகிதர் அதற்கு, "அது விசேஷம் ஐயா" என்றார். விசேஷமா, விசேஷமில்லையா என்பதை வெளியிலிருந்து யார் அளந்து சொல்வது?

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். ஒரு பெயர் வைத்துக்கொண்டால் அடுத்த கதைக்கும் அதே பெயர்தான். கதைக்கு ஒன்றாக மாற்றக் கூடாது. பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் மறைக்கக் கூடாது. சிநேகிதருக்கு இதில் சம்மதமில்லை. இறங்கும்போது பத்தாவது வளைவு வரையில் தர்க்கம் செய்துகொண்டே வந்தார்.

ஓர் எச்சரிக்கை. வாசகர்கள் அந்தப் பெண்ணை ஏற்காட்டில் தேட வேண்டாம். அவள் அந்த ஊர்க்காரி அல்ல. நாத்தனார் என்று எழுதினேனே, அது நாத்தனாராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்தக் கட்டுரையின் மேலே இருப்பது என் சொந்தப் பெயராயிற்றே!

கதை அச்சாகிவிட்டது. சன்மானம் அனுப்ப பாங்கிக் கணக்கின் பெயர் கேட்டார்களாம்; புனைபெயருக்கு எந்தப் பாங்கியில் கணக்கு? கொஞ்சம் பயந்து, பிறகு சொந்தக் கணக்கையே கொடுத்திருக்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. அந்த 'நாத்தனார்' பத்திரிகையை எங்கோ பார்த்து, கதையைப் படித்துவிட்டு, அந்தப் பக்கங்களைக் கத்தரித்துப் பீரோவில் புடவைக்கடியில் வைத்திருக்கிறாராம். "யார் எழுதினதோ, நல்லா எழுதியிருக்கா" என்று அவளிடமே சொன்னாராம். நான்தான் எழுதினேன் என்று சொல்லட்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். கடிதத்தின் அடியில் இரண்டு பெயரையும் போட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் எழுதவில்லை.