நகரும் கோழிக்கூடு

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகாது’ என்பது பழமொழி. ஆனால் மனிதரின் மறதி மிதித்தால் குஞ்சு சாகும். இந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் கண்ணீரோடு கற்றுக்கொண்டேன்.

திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூரில் என் அப்பத்தா வசிக்கிறார். அவர் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவை சிறுவிடைக் கோழிகள். பண்ணைக் கோழியைப்போல் ஆண்டுக்கு 300 முட்டைகள் இட இவற்றால் முடியாது. அதில் கால் பங்கு இட்டாலே பெரிது. ஆனால் பண்ணைக் கோழி மறந்துபோன தாய்மையை இவை மறக்கவில்லை. 21 நாட்கள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட தாய்க்கோழி ஒன்றையும் அதன் 9 குஞ்சுகளையும் அப்பத்தா எனக்குப் பரிசாகக் கொடுத்தார். மாலையில் அவற்றைப் பஞ்சாரத்தால் கவிழ்த்து, மேலே கல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஒருநாள் கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கல் வைக்க மறந்தேன். விடியற்காலையில் பஞ்சாரம் சாய்ந்து கிடந்தது. கீரி வந்து போயிருந்தது. தாயும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. முற்றமெங்கும் இறகுகள்! அப்பத்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கோடையில் எங்கள் வீட்டிற்கே வந்துவிடப் போவதாக அப்பத்தா கூறினார். முழங்கால் வலி. தனியாக இருக்க இயலவில்லை. அவரிடம் எஞ்சியிருப்பவை 6 பெட்டைகளும் ஒரு சேவலுமே.

“இவங்கள நீதான் பாத்துக்கணும் ஆத்தா” என்றார்.

“மறுபடியும் என்கிட்டயா அப்பத்தா?” என்றேன், குரல் தழுதழுக்க.

“ஒருக்கா தவறவிட்டவதான் மறுக்கா கண்ணும் கருத்துமா இருப்பா.”

அன்றே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூடு வரையத் தொடங்கினேன். எங்கள் கொல்லை சிறியது. கூடு ஒரே இடத்தில் நின்றால் எச்சம் சேர்ந்து தரை ஈரமாகும். இரத்தக் கழிச்சல் நோய்க்கு அதுவே வழி. கூட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் கோழிகளுக்குச் சுத்தமான தரை. அப்பாவின் கத்தரிப் பாத்திக்கு நல்ல எரு. ஆகவே நகரும் கூடு என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் வரைந்தது 8 அடி நீளம், 6 அடி அகலம். கனத்த பலகைச் சுவர், தகரக் கூரை. தச்சுவேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமா அதைப் பார்த்துவிட்டு, “இதை இழுக்க ரெண்டு காளை வேணுமே பாப்பா!” என்று சிரித்தார். வெட்கத்தோடு அழித்துவிட்டு மறுபடியும் கணக்குப் போட்டேன்.

இரவில் தங்க ஒரு கோழிக்கு 2 சதுர அடி வைத்தால் 7 கோழிகளுக்கு 14 சதுர அடி. 6 அடிக்கு 3 அடி என்றால் 18 சதுர அடி, போதும். உட்காரும் கழியில் ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் 56 அங்குலம் வேண்டும். கூட்டின் நீளமோ 72 அங்குலம். சட்டத்திற்குச் சவுக்குக் கழி. தகரம் வெயிலில் சுடும். ஆதலால் தென்னங்கீற்றுக் கூரை. காற்று புக மேலே இடைவெளி, அங்கும் வலை. பாம்பும் கீரியும் நுழையாதிருக்க அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலை. கீரி மண்ணைத் தோண்டும் என்பதால், வலை வெளிப்புறமாகத் தரையில் ஓரடி படிந்திருக்கும், நகர்த்தும்போது மடக்கிக்கொள்ளலாம். ஒரு முனையில் தம்பியின் பழைய சிறு சைக்கிளின் இரு சக்கரங்கள், மறுமுனையில் பிடி. தள்ளுவண்டிபோல் தூக்கித் தள்ளலாம்.

திட்டத்தை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி. கூடு எவ்வளவு பலமா இருந்தாலும், சாத்துற கை மறந்தா என்ன ஆத்தா பிரயோசனம்?” என்றார். என் நோட்டில் எங்கும் எழுதாத அளவு அது!

மாமாவும் அப்பாவும் சேர்ந்து கூட்டைச் செய்து முடித்துவிட்டார்கள். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டு, தேர்வு முடிந்ததும் அப்பத்தாவுடன் அழைத்து வருவோம். அதுவரை கூடு காலிதான். ஆயினும் நாள்தோறும் மாலை 6 மணிக்கு அதன் கதவைச் சாத்தி, கொண்டி மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்க்கிறேன்.

“உள்ளே யாருமே இல்லையே அக்கா!” என்று தம்பி கைகொட்டிச் சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். என் கை பழகிக்கொண்டிருக்கிறது.