கிலோ கணக்கில் அடங்காத கிடா

எங்கள் வீட்டில் செம்மறி ஆடுகள் இருக்கின்றன என்று சொன்னதும் விடுதித் தோழிகள் கேட்கும் முதல் கேள்வி, "கிலோ எவ்வளவு?" என்பதுதான். தீபாவளி நெருங்கினால் இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வரும்! கறிக்கு விற்கும் ஆட்டுக்கு அது சரியான கேள்வி. ஆனால், இனவிருத்திக்கு விற்கும் கிடாவுக்கு என்ன விலை சொல்வது? எட்டு ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், எளிதான விடை கிடைத்தபாடில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பைராம் தோட்டத்தில். பினாங்கு என்றால் பலருக்கு ஜார்ஜ்டவுனும் பாலமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் தோட்டமோ பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் இருக்கிறது. பெரியப்பா வேலை ஓய்வுக்குப் பிறகு அங்கே டோர்ப்பர் இனச் செம்மறிகளை வளர்க்கத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் 1930களில் டோர்செட் ஹார்ன் கிடாக்களையும் கருந்தலைப் பாரசீகப் பெட்டைகளையும் கலந்து உருவாக்கிய இனம் இது. இரண்டு பெயர்களிலிருந்தும் முதல் அசையை எடுத்து ஒட்டினால் டோர்ப்பர். உரோமம் தானாகவே உதிர்ந்துவிடும் என்பதால் நம் நாட்டு வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிறது.

அப்பா காலமான பிறகு என் படிப்புச் செலவில் பாதி இந்த ஆடுகளிலிருந்துதான் வருகிறது. நான் பெரியப்பாவின் கணக்குப்பிள்ளை. காது எண், தாய், தந்தை, பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, பிறந்த எடை, பால் மறந்தபோது எடை, வந்த நோய், கொடுத்த மருந்து எல்லாம் நீண்ட கோடு போட்ட புத்தகத்தில் இருக்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எழுதிய பக்கங்களில் மலாய்ச் சொற்களும் கலந்திருக்கும். பெரியப்பா அவற்றைப் படித்துவிட்டு, "தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் என்ன படிச்சே பாப்பா?" என்று கேட்பார்.

சென்ற ஆண்டு விற்பனைக்கு இரண்டு கிடாக்கள் இருந்தன. 17ஆம் எண் 46 கிலோ. 23ஆம் எண் 39 கிலோ. வயது ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டும் இரண்டு பல் போட்டவை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 17ஐத்தான் கை காட்டினார்கள். புத்தகம் வேறு கதை சொன்னது. 17 ஒற்றைக் குட்டி. தாயின் இரண்டு காம்புகளிலும் தனியாகக் குடித்து வளர்ந்தது. 23 இரட்டையில் ஒன்று. பாதிப் பாலில் வளர்ந்தும் இந்த எடைக்கு வந்திருக்கிறது. அதன் தாய் மூன்று முறை இரட்டை ஈன்று, ஆறு குட்டிகளையும் காப்பாற்றியது. மழைக்காலத்தில் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவுக்குப் பெரியப்பா எல்லா ஆடுகளின் கீழ் இமையையும் திருப்பிப் பார்ப்பார். இமை வெளுத்தால் மருந்து. 17க்கு மூன்று முறை மருந்து ஊற்றினோம், 23க்கு ஒருமுறைகூட இல்லை. கண்ணுக்கு எளிய ஆடு, கணக்குக்குப் பெரிய ஆடு!

அதற்காக விலையை வானத்துக்கு ஏற்றிவிட முடியுமா? இரட்டை ஈனும் குணம் தாயிடமிருந்து அப்படியே இறங்கிவிடுவதில்லை. தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. "இந்தக் கிடாவை விட்டால் எல்லாம் இரட்டைதான்" என்று சொல்லி விற்கும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கு உண்மை தெரிய ஓராண்டு ஆகும். அதற்குள் பணம் செலவாகியிருக்கும்.

கறி விலைக்குக் கீழே போனால் இனக்கிடா கசாப்புக் கடைக்குத்தான் போய்ச் சேரும், ஆகையால் அது அடித்தளம். பேச்சுக்கு உயிரெடை கிலோ 25 வெள்ளி என்றால், 39 கிலோவுக்கு 975 வெள்ளி. அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் தகராறு. செலவைக் கூட்டிச் சேர்க்கலாம் என்பார்கள் சிலர். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவு, ஆனால் அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் சிறுநீர் சிவந்து ஆட்டைச் சாகடித்துவிடும். அதனால் நாங்கள் விலை கூடிய தீவனம் கொடுக்கிறோம். அது ஆட்டைக் காப்பாற்ற நாங்கள் செய்த செலவு. அதை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவருக்கு எவ்வளவு பயன் என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது பெட்டை வைத்திருப்பவருக்கும் ஆறு பெட்டை வைத்திருப்பவருக்கும் ஒரே கிடா ஒரே மதிப்புடையதா?

ஏலத்தில் விட்டால் சந்தையே சொல்லிவிடும் என்று பொருளாதாரம் படிக்கும் தோழி வாதிட்டாள். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் 2020இல் 'டபுள் டயமண்ட்' என்ற டெக்சல் கிடாக்குட்டி 350,000 கினிக்கு, அதாவது 367,500 பவுனுக்கு ஏலம் போனது. அன்றைக்கு அது உலகச் சாதனை. மூன்று பண்ணையார்கள் கூட்டாக வாங்கினார்கள். பணக்காரர்கள் இருவர் போட்டி போட்டால் விலை எங்கே போகும் என்பதை அது காட்டுகிறது. ஆறு பெட்டைக்காரர் அந்த ஏலக்களத்துக்குள் நுழையவே மாட்டாரே!

அப்படி ஒருவர்தான் எங்களிடம் வந்தார். வேறொரு தோட்டத்தில் வேலை செய்பவர், ஆறு கலப்புப் பெட்டைகள் வைத்திருந்தார். புத்தகத்தை முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "பெரியவரே, எனக்கு 23தான் வேணும். ஆனா கையில 1,200 வெள்ளிதான் இருக்கு" என்றார். நாங்கள் சொன்ன விலை 1,800. என் பருவக் கட்டணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. குறைத்துக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குள் ஒரு பதற்றம்.

பெரியப்பா குறைக்கவுமில்லை, அனுப்பிவிடவுமில்லை. "முப்பத்தஞ்சு நாளைக்குக் கொண்டு போய்யா. பொறக்குற குட்டியில ஒரு பெட்டை எனக்கு" என்றார். பெட்டைக்குப் பதினேழு நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், முப்பத்தைந்து நாள் என்றால் இரண்டு வாய்ப்பு. இது ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடும் பழைய வழக்கம்தான் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செம்மறி இனவிருத்திக்குப் பேர்போன ராபர்ட் பேக்வெல்லும் கிடாக்களைப் பருவ வாடகைக்கு விட்டுத்தான் பெரும் பணம் பார்த்தார் என்று பிறகு படித்தேன். பெரியப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நாமும் வெள்ளைக்காரன்தான்" என்று சிரித்தார்.

எனக்கு முழுச் சம்மதமில்லை. வேறு மந்தைக்குப் போய் வரும் கிடா குளம்பு நோயைக் கொண்டு வரலாம். எனவே திரும்பியதும் மூன்று வாரம் தனிக் கொட்டகை என்று புத்தகத்தில் எழுதி இருவரையும் கையெழுத்துப் போட வைத்தேன். கட்டணத்துக்குப் பெரியம்மா சீட்டுப் பணம் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து 23ஐ முப்பது பெட்டைக்காரர் ஒருவர் 1,800 வெள்ளிக்கே வாங்கிப் போனார். 17ஐக் கறி விலைக்குக் கொடுத்தோம். அவருக்கும் புத்தகத்தைக் காட்டினோம்.

ஆறு பெட்டைகளில் ஐந்து ஈன்றன, மொத்தம் ஏழு குட்டிகள். பால் மறந்த பிறகு ஒரு பெட்டைக்குட்டி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. காதில் 41 என்று எண் குத்தினோம். தந்தை கட்டத்தில் 23 என்றும் தாய் கட்டத்தில் 'கலப்பு' என்றும் எழுதியிருக்கிறேன். பார்வைக்குச் சுத்த டோர்ப்பர் போலவே இருப்பதால், போன வாரம் ஒருவர் இன ஆட்டு விலைக்கே கேட்டார். புத்தகத்தைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.