பழைய சட்டமும் புது ஜன்னலும்

மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்குத் தெரியும், அரிசி ஆலைத் தூசி எந்தச் சந்திலும் நுழையும். எங்கள் ஜன்னல் கதவுகள் உளுத்துப்போய் இடைவெளி விட்டிருந்தன. இரவெல்லாம் மனைவிக்கு இருமல். யுபிவிசி போட்டுவிடலாம் என்றான் மகன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பார்த்த பெர்சியென் ஜன்னல்கள் நினைவுக்கு வந்தன. சாய்பலகை வைத்தவை, வெயிலைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது.

பழைய தேக்குச் சட்டத்தைப் பெயர்ப்பதா, அதற்குள்ளேயே புதியதைப் பொருத்துவதா? பெயர்த்தால் சுண்ணாம்புச் சுவர் உதிரும். உள்ளே பொருத்தினால் திறப்பு குறுகும், காற்றும் குறையும். ஆசாரி திருப்புளியால் குத்திப் பார்த்தார். மூன்று சட்டங்கள் கல் மாதிரி இருந்தன. அவற்றுக்குள்ளேயே பொருத்தச் சொன்னேன். நான்காவதில் அடிக்கட்டை முழுக்கக் கறையான். அது அப்பா கடைசிவரை படுத்திருந்த அறை.

அதை மட்டும் பெயர்த்தார்கள். முடியும்வரை நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.