319 ரூபாய் வண்டி

பி.காம். படிக்கும்போது தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். மெஷினோ வண்டியோ வாங்கினால், வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். வாங்கிய விலையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று சமமாகக் கழித்து, ஒருநாள் பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று. மிச்சமிருக்கும் மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று கழிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வழியில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வரவே வராது. நூறு ரூபாய் ஆகும், பத்து ரூபாய் ஆகும், பத்து பைசா ஆகும். ஆனால், கணக்குப் புத்தகத்தில் அந்த வண்டி இருந்துகொண்டே இருக்கும்.

வருமான வரிக்காரர்கள் பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியைத்தான். வாடகைக்கு ஓடுகிற வண்டி என்றால் 30 சதவிகிதம். நாலு லட்சத்துக்கு வாங்கிய ஒரு வண்டியை இப்படி 20 வருஷம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 319 ரூபாய்.

அந்த 319 ரூபாய் வண்டி இன்றைக்கும் விடியற்காலையில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறது. என் பெரியப்பா மகனுடைய வண்டி. டாடா 207, 2003 மாடல். கதவில் எழுதியிருந்த பெயர் பாதி அழிந்து, இனிஷியல் மட்டும் தெளிவாகத் தெரியும். இந்த ஒரு வண்டியை வைத்துத்தான் அண்ணன் வீடு கட்டினார், மகளை இன்ஜினீயரிங் சேர்த்தார். மகன் இப்போது பிளஸ் டூ.

அந்த மகன்தான் வீட்டில் எதிர்க்கட்சி. "விட்ருங்கப்பா, புதுசு எடுத்துரலாம்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புது பிக்கப் ஒன்று பத்து லட்சத்தை ஒட்டி வருகிறது. எட்டு லட்சம் கடன் வாங்கினால், 10 சதவிகித வட்டியில் 60 மாதத்துக்கு மாசம் ஏறக்குறைய 17,000 ரூபாய் கட்ட வேண்டும். தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போய், விவசாயி பறிக்காமலே விட்டுவிடுகிற மாசத்திலும் அந்த 17,000-ஐக் கட்டியாக வேண்டும். அண்ணன் யோசிக்கிற இடம் இதுதான். "வண்டி நின்னா ரெண்டு நாள்ல சரி பண்ணிருவேன்டா. டியூ நின்னா என்ன பண்றது?"

அண்ணன் மெக்கானிக் இல்லை. 2020 வரைக்கும் ஸ்டெப்னி மாற்றத் தெரியும், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றுக்கும் பாய் ஒருவர் இருந்தார். ஊரில் டீசல் வண்டி வைத்திருந்த பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. காய்கறி வண்டிகளுக்கு அனுமதி உண்டு. வொர்க்‌ஷாப்களுக்கு இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள், 40 பெட்டி தக்காளியை ஏற்றி முடித்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இரவு மணி பதினொன்று. பாய்க்கு போன் போட்டார்.

"ஏர் லாக்கா இருக்கும் தம்பி. பயப்படாதீங்க. போனை யார் கையிலயாச்சும் குடுத்து லைட் அடிக்கச் சொல்லுங்க. நான் சொல்றத மட்டும் செய்ங்க."

ஏர் லாக் என்றால் என்ன என்பதை அண்ணன் எனக்கு விளக்கிய அழகை, படித்த ஆட்கள் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இருக்கும் காற்றை நசுக்கு நசுக்கென்று நசுக்கினால் அது கொதிக்கிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுவதற்கு பயங்கர அழுத்தம் வேண்டும். டீசல் நசுங்காது, அதனால் பம்ப்பு கொடுக்கிற அழுத்தம் அப்படியே நாசில் வரைக்கும் போகும். ஆனால், குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், பம்ப்பு அமுக்குவதையெல்லாம் அந்தக் குமிழியே வாங்கிக்கொள்ளும். நாசில் திறக்காது. "புது ஆபீஸர் மாதிரிடா. மேல இருந்து வர்ற உத்தரவெல்லாம் அவன்கிட்டயே நின்னு போயிரும்" என்றார்.

வைத்தியம் சுலபம். டீசல் ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அதை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, கைப்பம்ப்பை அமுக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வழிய ஆரம்பித்ததும், பம்ப்பை அமுக்கியபடியே ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அண்ணி டார்ச் பிடித்தார்கள். பாய் போனில் "நுரை நின்னுச்சா? இன்னும் பத்து அமுக்கு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது செல்ஃபில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தக்காளி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காற்று எப்படிப் புகுந்தது என்று மறுநாள் பார்த்தால், ஃபில்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸில் முடியளவு வெடிப்பு. அதையும் அவரே மாற்றினார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது வாசல் வேப்பமரத்தடியில் ஒரு தகரப் பெட்டி. ரிங் ஸ்பேனர் செட், கிரீஸ் கன், ஃபீலர் கேஜ், டீசல் வடிக்க ஒரு பழைய அலுமினியத் தட்டு. அண்ணி அந்தத் தட்டைத் தேடித் தேடி ஓய்ந்துவிட்டார்கள்.

பழைய வண்டியாக இருப்பதால்தான் இதெல்லாம் வீட்டு வாசலில் நடக்கிறது. நாடு முழுக்க 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் புகைக்குழாயைச் சுத்தம் செய்கிற ஏற்பாடுகளும் நிறைய ஏறிவிட்டன. ஏதாவது கோளாறு என்றால், முதலில் ஸ்கேனரை மாட்டி வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அண்ணனின் வண்டியில் பம்ப்பு, கியர், நெம்புகோல், ஸ்பிரிங் பட்டை, அவ்வளவுதான். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மூக்கால் மோந்து கண்டுபிடிக்கலாம். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது நாசில் ஒழுகும். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

ஆனால் ஒன்று. "பழைய வண்டிதான் சார் கெத்து" என்று மார்தட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. எவ்வளவு பராமரித்தாலும் அந்தப் புகை, புது வண்டியின் புகையைவிட மோசமானது. புகைப் பரிசோதனையில் பழைய டீசல் வண்டிக்கு ஹார்ட்ரிஜ் கணக்கில் 65 வரை விட்டிருக்கிறார்கள். பி.எஸ். 4 வண்டிக்கு 50-தான். அந்த வித்தியாசத்தை யாரோ மூச்சில் இழுக்கிறார்கள். டெல்லியில் பத்து வயதான டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது சும்மா இல்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்குத்தான்டா மாசா மாசம் ஏர் ஃபில்டரைக் கழட்டி ஊதுறேன். உள்பக்கமிருந்து வெளிய ஊதணும், தெரியுமா? வெளியில இருந்து ஊதினா தூசி இன்னும் உள்ள போய் உக்காந்துக்கும்."

எனக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு புதுப்பேட்டை வழியாக. ஊரில் கிடைக்காத சாமான் என்றால் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். என் உள்ளங்கை அளவு ஒரு துருப்பிடித்த இரும்பு. "இது மாதிரி ஒண்ணு." பெயர் எல்லாம் கிடையாது. நான் முதலில் ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்குமா என்று கேட்பேன். இல்லையென்றால் அங்கிருந்து புதுப்பேட்டை. போன முறை தேடியது டிரைவர் பக்கக் கண்ணாடி ஏற்றி இறக்குகிற மெஷின். கடைக்காரர் போட்டோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "207 தானே? லெஃப்ட்டா ரைட்டா?" என்றபடி, கழற்றிப் போட்ட கதவுகளின் மலைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ லைப்ரரிகளில் கேட்லாக் தேடிக் களைத்த எனக்கு, அந்த மனிதரின் மூளை பெரிய அதிசயமாக இருந்தது. பிரேக் சாமான்களை மட்டும் அங்கே வாங்கக்கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. "அது புதுசுதான். டப்பா பிரிக்காததா வாங்கு."

பிரேக்கில் அவர் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் பழநி - கொடைக்கானல் மலைப்பாதை. சீசனில் மேலேயிருந்து கேரட், உருளைக்கிழங்கு இறக்கி வருவார். நாம் பிரேக் ஆயில் என்கிறோமே, அது உண்மையில் ஆயில் இல்லை. காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிற திரவம். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருப்பது, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிதான். முழு லோடோடு மலையிறங்கும்போது டிரம் பழுக்கச் சூடாகும். திரவம் கொதித்தால் ஆவி. ஆவி என்றால் குமிழி. டீசல் குழாயில் குமிழி வந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக் குழாயில் குமிழி வந்தால் வண்டி நிற்காது.

ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுகிறார். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை இது. மகள் லீவில் வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்வார். அவள் டிரைவர் சீட்டில். இவர் பின் சக்கரத்தடியில், தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து. "மிதி." "மிதிச்சிட்டேன்பா." "பிடி." நிப்பிளைத் திறக்கிறார், காபி நிறத்தில் பழைய திரவம் பாட்டிலுக்குள் இறங்குகிறது. மூடுகிறார். "விடு." இப்படி ஒரு சக்கரத்துக்கு இருபது முறை. நான் ஒருதடவை பக்கத்தில் நின்று பார்த்தேன். இவர் "மூடிட்டேன்" என்று சொல்வதற்கு முன்னால் அவள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். அப்பா குரலுக்காக அவள் காலை அசைக்காமல் காத்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. மெக்கானிக்கல் படிக்கிறாள். கல்லூரியில் இதைத் தொட்டுப் பார்க்கவே விடுவதில்லை என்றாள்.

வண்டிக்கு அடியில் போவதற்கு ஒரு சட்டம் உண்டு. ஜாக்கியை நம்பி உள்ளே தலையை விடக்கூடாது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருதடவை உலுக்கிப் பார்த்த பிறகுதான். நிறைய பேர் ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவார்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பாய் அதைப் பார்த்தாலே கத்துவார். அதேபோல பம்ப்பு காலிபரேஷன், ஸ்டீயரிங் பாக்ஸ், சேஸிஸில் வெல்டிங் எதையும் அண்ணன் தொடுவதில்லை. பம்ப்பைக் கழற்றி திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்விடுவார். ஊர்ப்பக்கம் பழைய ஆட்கள் இன்றைக்கும் "மைக்கோ பம்ப்பு" என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு 80 பக்க நோட்டில் எழுதுகிறார். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு. நான் பார்த்த எத்தனையோ கம்பெனிக் கணக்குகளைவிடச் சுத்தமான கணக்கு. போன வருஷச் செலவு, இரண்டு டயர் சேர்த்து 46,300. புது வண்டிக்கு டியூ மட்டும் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். ஆனால், பி.காம். புத்தி சும்மா இருக்குமா? நோட்டில் விட்டுப்போன ஒரு செலவை நான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகள். வருஷத்துக்கு முப்பது ஞாயிறாவது அவர் அந்த மரத்தடியில் கிடக்கிறார். அதற்குக் கூலி போடவில்லை. கேட்டதற்கு அண்ணி முந்திக்கொண்டு, "போட்டா வண்டிய வித்துருவாரு" என்றார்கள்.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் ஸ்கிராப் கொள்கையைக் கொண்டுவந்தது. 15 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை ஏற்றுவதும் அதில் ஒரு பகுதி. ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. நெருங்கும்போது வீட்டில் அதே வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. மகன் புது வண்டி போட்டோவைக் காட்டுகிறான். அண்ணன் நோட்டை எடுக்கிறார். அண்ணி இரண்டு பக்கமும் சேராமல் வெளிநடப்பு செய்கிறார்கள்.

பாய் இப்போது கடையை மூடிவிட்டார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். மாசத்துக்கு ஒரு ஞாயிறு அண்ணன் போய் பைக்கில் கூட்டிவருவார். மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்பார். கண்ணை மூடிக்கொள்வார். போன மாசம் நானும் அங்கே இருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே கடகட சத்தம். பாய் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல ஒரு டாப்பட் லூஸு. இப்ப வேணாம், நாளைக்கு விடியக்காலம் இன்ஜின் குளுந்த பொறவு கேஜ் வெச்சுப் பாருங்க" என்றார்.

அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "டாப்பட் கவர் பேக்கிங்கும் பழசாயிருச்சுடா. மெட்ராஸ் போனதும் ஜி.பி. ரோட்ல ஒண்ணு வாங்கி கொரியர்ல போட்டுவிடு. போட்டோ அனுப்பறேன்" என்றார்.